ஷெங்கன் விசா எங்கே சிக்குகிறது? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

சுற்றுலா, உறவினர் வீடு, மாநாடு, வியாபாரச் சந்திப்பு என்று 90 நாளுக்குள் போய்த் திரும்புகிறவர்களுக்கான சி வகை ஷெங்கன் விசாவைப் பற்றியது இது. படிப்புக்கும் வேலைக்கும் போகிறவர்கள் வாங்கும் டி வகை விசாவின் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதை இங்கே தொடவில்லை. சி வகைக்கு ஷெங்கன் பகுதியின் 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விதித்தொகுப்புதான். 2009-ல் வந்தது, 2019-ல் திருத்தப்பட்டது, திருத்தம் 2020 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. மறுப்புக் கடிதம்கூட எல்லா நாட்டிலிருந்தும் மறுப்பின் காரணங்களுக்கு ஒரே வரிசை எண்களோடு வருவதற்கு அதுவே காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வி.எஃப்.எஸ்., பி.எல்.எஸ். போன்ற விண்ணப்பம் வாங்கும் மையங்களின் கவுன்டரில் இருப்பவர் விசா கொடுப்பவரும் அல்ல, மறுப்பவரும் அல்ல. அவர் தாள்களை வாங்கி, ரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்புகிறார். முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதே இல்லை. ஒரு தாளில் இருக்கும் தேதியையும் பெயரையும் தொகையையும் அடுத்த தாளோடு ஒத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. பணம் போதாமல் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இருக்கிற பணத்தையும் வேலையையும் தாள்கள் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதால் மாட்டுகிறவர்களே நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பான்மை.

அறிகுறி: அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கவில்லை

விதிப்படி, கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நேரம் தரவேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தியாவில் அந்த விதி ஏட்டுச்சுரைக்காய். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மாலுமிகளுக்கு ஒன்பது மாதம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. மே மாத விடுமுறைக்குப் போகிறவர் ஜனவரி, பிப்ரவரியிலேயே தாள் கொடுத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிக்கெட் விலை குறையட்டும் என்று மார்ச் வரை காத்திருந்துவிட்டு, பிறகு நேரம் கிடைக்காமல் அலைகிறார்கள்.

நேரம் இல்லை என்று தளம் காட்டினால் தினமும் வெவ்வேறு வேளைகளில் பாருங்கள். ரத்தாகும் இடங்கள் ஒன்றிரண்டாகத் திரும்ப வரும். குடும்பத்தில் நான்கு பேர் என்றால் நான்கு இடம் தேவை. ஒரே நாளில் கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த நாளில் பிரித்து எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் மற்றவர்களின் விவரத்தைக் குறிப்பிடவேண்டும். முன்பதிவில் தட்டச்சு செய்த பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு நேரம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர். இன்னொன்று, பிரான்ஸுக்கு நேரம் இல்லாததால் வேறொரு நாட்டுக்கு இரவுகளைக் கூட்டிக் காட்டி அங்கே விண்ணப்பிப்பது. விசா கிடைத்தாலும் எல்லையில் கேள்வி வரும். விசாவை ரத்து செய்ய எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

அறிகுறி: "இது எங்கள் தூதரகத்துக்கு உரியதல்ல" என்று கோப்பு திரும்பி வந்தது

இது மறுப்பு அல்ல. எந்த நாடு உங்கள் கோப்பைப் பார்க்கவேண்டும் என்ற கணக்கு தப்பியிருக்கிறது. கணக்கு இப்படி: பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டில் இருக்கிறதோ, அல்லது எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டில் விண்ணப்பிக்கவேண்டும். சமமாக வந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அது.

பாரிஸ் 4 இரவு, சுவிட்சர்லாந்து 3, இத்தாலி 4 என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸும் இத்தாலியும் சமம். விமானம் பாரிஸில் இறங்கினால் பிரான்ஸ், ரோமில் இறங்கினால் இத்தாலி. சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணமாக இருந்தாலும் இதே கணக்குத்தான். விளம்பரத்தில் எந்த நாட்டின் படம் பெரிதாக இருக்கிறது என்பது பொருட்டல்ல. விமானத்தில் கழியும் இரவை எந்த நாட்டிலும் சேர்க்காதீர்கள். லண்டனும் டப்ளினும் ஷெங்கனுக்குள் இல்லை, அந்த இரவுகளும் கணக்கில் வராது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்டன.

உரிமை இல்லாத தூதரகம் என்றால் விசா கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. 15 நாள் எல்லைக்குப் பின் கொடுத்த கோப்பு, ரேகை இல்லாத கோப்பு போன்றவை ஏற்கத் தகாதவை என்று திரும்பினாலும் அப்படியே. மறுக்கப்பட்டால் மட்டும் கட்டணம் போனது போனதுதான். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறுஞ்செய்தி, தனி அறை, கூரியர் என்று கவுன்டரில் நீட்டப்படும் மற்றவை எல்லாம் உங்கள் விருப்பம். முடிவில் அவற்றுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

அறிகுறி: பெயரில் பிரச்சினை

தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி இது, அதனால் சற்று நின்று பார்ப்போம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே அச்சிட மாட்டார்கள், விரித்து எழுதவேண்டும். அதனால் ஊரில் எஸ். முருகன் என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன் ஆகிறார். வங்கியில் எஸ் முருகன், ஆதாரில் முருகன் எஸ், சம்பளச் சீட்டில் வெறும் முருகன். நான்கு தாளில் நான்கு மனிதர்கள். நமக்கு இது கண்ணில்கூடப் படாது. பிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ வளர்ந்த அதிகாரிக்கு வங்கிக் கணக்கு விண்ணப்பதாரருடையதுதானா என்ற சந்தேகம் வந்தால் அதில் வியப்பில்லை.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் வங்கிக்குப் பாஸ்போர்ட் நகலோடு போய்க் கணக்கின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றக் கேளுங்கள்; பின்னர் எடுக்கும் ஸ்டேட்மென்ட் புதுப் பெயரில் வரும். அடுத்து, அலுவலகக் கடிதத்தில் பாஸ்போர்ட் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இவ்விரண்டும் முடிந்தால் முக்கால் பங்கு வேலை தீர்ந்தது. மாற்ற நேரமில்லாத தாள்களுக்கு மட்டும், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வையுங்கள். அதில் ஒவ்வொரு பெயர் வடிவத்தையும், அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பொதுவாக எழுதினால் பயனில்லை.

இரண்டாவது வகை, குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட். படிவம் அந்த இடத்தைக் காலியாக விடச் சம்மதிக்காது. அப்போது பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இயந்திர வரிகளைப் பாருங்கள். நாட்டின் மூன்றெழுத்துக் குறிக்குப் பின், இரட்டை முக்கோணக் குறி (<<) வருவதற்கு முன்னால் இருப்பதைத்தான் எல்லைக் கணினி முதன்மைப் பெயராக எடுத்துக்கொள்ளும். படிவத்தை எப்படி நிரப்பவேண்டும் என்று அந்தத் தூதரகத்தின் வழிகாட்டுதலில் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இந்த வரியைப் பின்பற்றுங்கள். விமான டிக்கெட்டிலும் இன்சூரன்ஸிலும் அதே வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

மூன்றாவது வகை உறவைக் காட்டுவது. தந்தை சுப்பிரமணியன் கந்தசாமி, மகன் முருகன் சுப்பிரமணியன், பேத்தி யாழினி முருகன். மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் என்றுதான் ஐரோப்பியக் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கோப்பில் இது அடிக்கடி வருகிறது. பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் கட்டாயம் வையுங்கள். கவர் லெட்டரில், அதாவது கோப்போடு வைக்கும் விளக்கக் கடிதத்தில், ஒரே வரி போதும்: தமிழ் வழக்கப்படி தந்தையின் பெயரே பிள்ளையின் இரண்டாம் பெயராக வருகிறது என்று. தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றுகள், பட்டா, சிட்டா போன்றவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துகிறாரா என்று கையெழுத்துக்கு முன் ஒரு தடவை சரிபாருங்கள். முருகனுக்கு ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்துக் கூடினால் மறுபடி பழைய கதை.

அறிகுறி: கவுன்டரிலேயே படமோ பாஸ்போர்ட்டோ ஏற்கப்படவில்லை

படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது, வெளிர் பின்புலம், முகம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம். ஸ்டுடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கித் தருவதைக் கைவிடச் சொல்லுங்கள். நெட்டில் உள்ள அமெரிக்க அளவைக் காட்டி எடுத்தால் அது சதுரமாக வரும், செல்லாது.

பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லவேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்கவேண்டும். கிழிந்த ஓரம், பிரிந்த தையல், மை கசிந்த பக்கம் இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

ரேகை ஒருமுறை கொடுத்தால் ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தளத்திலிருந்து 59 மாதம் வரை அதையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மீண்டும் விண்ணப்பிப்பவர் படிவத்தில் முன்பு கொடுத்த தேதியையும் பழைய விசா எண்ணையும் எழுதவேண்டும். அப்படியும் நேரில் வரச் சொல்வதுண்டு. விரல் நுனியில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறியபின் போவது நல்லது. சிமென்ட், சுண்ணாம்பு, சாயம் கையாளுகிறவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். சில நாள் எண்ணெய் தடவிக் கையுறை போட்டு வேலை செய்தால் இயந்திரம் பிடித்துக்கொள்ள உதவலாம்.

அறிகுறி: மறுப்புக் கடிதத்தில் 3-ம் எண் டிக் செய்யப்பட்டிருக்கிறது

போதிய வாழ்க்கைச் செலவுக்கான சான்று இல்லை என்பது இதன் பொருள். வங்கியில் பணம் இருந்தும் இது வரும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது கடைசி வரியின் தொகையை மட்டும் அல்ல.

எவ்வளவு தேவை என்பதை ஒவ்வொரு நாடும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறிவிக்கிறது. பிரான்ஸில் ஹோட்டல் முன்பதிவு காட்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, தங்குமிடச் சான்று இல்லாவிட்டால் 120, உறவினர் வீட்டில் தங்கினால் 32.50. நான்கு பேர் பத்து நாள், ஹோட்டல் முன்பதிவோடு என்றால் 2,600 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். டிக்கெட் விலை இதற்கு மேல். இது அடிமட்டக் கணக்கு; இதோடு நின்றால் கோப்பு மெலிந்து தெரியும்.

அதைவிட முக்கியம், பணம் எங்கிருந்து வந்தது என்பது. மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்டால் ஆறு மாதம் கொடுங்கள். மாதம் 60,000 சம்பளம், மீதி 15,000 என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு 5 லட்சம் வந்து விழுந்தால், அது கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்றே அதிகாரி எண்ணுவார். உண்மையில் அது உங்கள் பணமாக இருக்கலாம். அப்படியென்றால் தாள் காட்டுங்கள். வைப்புநிதியை உடைத்ததற்கு வங்கியின் சீட்டு, நிலம் விற்றதற்குக் கிரயப் பத்திரம், நகைக்கடனுக்கு வங்கி ரசீது, பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் எடுத்த சீட்டுக்கு அவர்கள் தரும் பட்டுவாடா ரசீது. தெருவில் நடக்கும் ஏலச்சீட்டில் எடுத்த பணத்துக்கு இப்படி எதுவும் இல்லை. அந்தத் தொகையை நம்பிக் கோப்பைக் கட்டாதீர்கள்.

சம்பளச் சீட்டில் உள்ள நிகரத் தொகையும் ஸ்டேட்மென்ட்டில் வரவாகும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். கூட்டுறவுக் கடன் பிடித்தம், முன்பணம் என்று வித்தியாசம் இருந்தால் பென்சிலில் அல்ல, அலுவலகக் கடிதத்திலேயே விளக்கம் வரட்டும். ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் ரசீதும் வையுங்கள். கடை வைத்திருப்பவர் என்றால் ஜி.எஸ்.டி. பதிவும் நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் தனிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் சேர்த்தே தரவேண்டும். பெரும்பாலான வியாபாரிகள் நடப்புக் கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு, தொழிலின் பணமா சொந்தப் பணமா என்று தெரியாமல் செய்துவிடுகிறார்கள்.

செலவை அங்குள்ள உறவினர் ஏற்கிறார் என்றால் வெறும் அழைப்புக் கடிதம் போதாது. ஜெர்மனியில் அவர் தம் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் 'ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்னும் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து அசலை அனுப்பவேண்டும். பிரான்ஸில் நகரசபையில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' வாங்கவேண்டும். முன்னது செலவுக்கு உத்தரவாதம். பின்னது தங்குமிடத்துக்கான சான்று, நாளுக்கு 32.50 யூரோவை அதோடு சேர்த்துத்தான் காட்டவேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: 2 அல்லது 10-ம் எண்

2 என்றால் பயணத்தின் நோக்கத்துக்கும் ஏற்பாட்டுக்கும் சான்று இல்லை. 10 என்றால் சான்று இருக்கிறது, ஆனால் நம்பும்படி இல்லை. 12-ம் எண்ணும் இதன் உறவுக்காரர்: கொடுத்த ஆவணமே அசலா என்ற ஐயம். 10, 12 இரண்டும் வந்தால் முதலில் தேடவேண்டிய இடம் டிக்கெட்டும் ஹோட்டலும்.

பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை, முன்பதிவு போதும் என்பதே விதி. அந்த இடைவெளியில் 'டம்மி டிக்கெட்' என்று ஒரு தொழிலே நடக்கிறது. அதில் வரும் முன்பதிவு எண் சில நாளில் காலாவதியாகும், சில சமயம் எண்ணே பொய்யாக இருக்கும். அதிகாரி விமான நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது. அப்போது மீதித் தாள்கள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகின்றன. பணம் திரும்பும் டிக்கெட்டோ, இடத்தைச் சில நாள் பிடித்துவைக்க விமான நிறுவனமே தரும் வசதியோ எடுத்துக்கொள்வது மேல். ஹோட்டலுக்கும் அப்படித்தான்: இலவச ரத்து உள்ளதாகப் பாருங்கள், பயணிகள் அனைவரின் பெயரும் உறுதிச்சீட்டில் இருக்கட்டும், முடிவு வரும்வரை ரத்து செய்யாதீர்கள். ரேகை கொடுத்துவிட்டு வெளியே வந்த கையோடு எல்லா அறையையும் ரத்து செய்கிறவர்கள் உண்டு. தூதரகம் ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒத்துப் பாருங்கள். விடுப்புக் கடிதத்தில் ஜூன் 5 முதல் 14 வரை, டிக்கெட் திரும்புவது 16, இன்சூரன்ஸ் முடிவது 15. இப்படிப்பட்ட கோப்பு நாம் நினைப்பதைவிட சாதாரணம். இரவுகளில் ஓட்டை விழாமல் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு படுக்கை கணக்கில் இருக்கவேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இரவு ரயில் என்றால் அந்த ரயில் சீட்டே அன்றைய படுக்கை.

கவர் லெட்டர் ஒரு பக்கம். யார், எதற்கு, எந்தத் தேதி, எந்த ஊர்களில் எத்தனை இரவு, யார் செலவு, எப்போது வேலைக்குத் திரும்புவது. கடைசியில் இணைப்புப் பட்டியல். ஐரோப்பாவின் கலாசாரப் பெருமையைப் புகழ்ந்து இரண்டு பத்தி எழுதுவதால் ஒரு மதிப்பெண்ணும் கூடப்போவதில்லை.

அறிகுறி: 13-ம் எண்

விசா முடிவதற்குள் திரும்புவீர்கள் என்பதில் ஐயம். எல்லாரையும் அதிகம் எரிச்சலூட்டுவது இந்த எண்தான், ஏனென்றால் 'நான் ஏன் அங்கே தங்கப்போகிறேன்' என்று தோன்றும். இதற்குப் பதில் சொத்துப் பத்திரங்களின் கட்டு அல்ல. நாற்பது பக்கக் கிரயப் பத்திர நகலை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. வில்லங்கச் சான்றும் பட்டாவும் மொழிபெயர்ப்போடு இரண்டு பக்கம் இருந்தால் போதும்.

அதிகாரி பார்ப்பது, ஊரில் உங்களை இழுத்துப் பிடிப்பது என்ன என்பதை. வேலை இருந்தால் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், அனுமதித்த விடுப்பு, திரும்ப வேலைக்கு வரவேண்டிய தேதி எல்லாம் ஒரே கடிதத்தில், தொடர்புகொள்ளக்கூடிய அலுவலக எண்ணோடு. புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் முந்தைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தையும் சேருங்கள். மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைடும் அடுத்த பருவத் தொடக்கத் தேதியும். ஓய்வுபெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆணையும் அது வரவாகும் கணக்கும்.

முதல் பயணத்திலேயே 88 நாள் கேட்கும் பெற்றோரின் கோப்பு இந்த எண்ணில் அடிக்கடி விழுகிறது. மகளுக்குப் பிரசவம் என்றால் அது நியாயமான காரணம். மருத்துவர் தந்த எதிர்பார்ப்புத் தேதியுள்ள கடிதத்தை வைத்து, அந்தத் தேதியை ஒட்டி நாட்களைக் கேளுங்கள். காரணம் இல்லையென்றால் முதல் முறை மூன்று நான்கு வாரம் கேட்டுப் போய்விட்டுச் சொன்ன தேதியில் திரும்புங்கள். அந்தத் திரும்புதல் அடுத்த கோப்பில் எந்தப் பத்திரத்தையும்விட வலுவான சான்று. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று வந்த ஏற்பாடும் இதையே அடிப்படையாகக் கொண்டது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியவர், இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், இரண்டு ஆண்டுப் பலமுறை விசாவுக்குத் தகுதி பெறுகிறார். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்து ஐந்து ஆண்டு விசா, பாஸ்போர்ட் அத்தனை காலம் செல்லுபடியாக இருந்தால்.

அறிகுறி: இன்சூரன்ஸ் சரியில்லை என்ற பதில்

எளிதில் தீரக்கூடியது. குறைந்தது 30,000 யூரோ காப்பு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, இறப்பு, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அடங்கவேண்டும். தங்கும் எல்லா நாளுக்கும் காப்பு இருக்கவேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்து எடுப்பது விமானத் தாமதத்துக்கும் உதவும். வயதானவர்களுக்கான பல பாலிசிகளில் நோய்ச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் 50,000 என்று பெரிதாக இருந்தும் உள்ளே அது மிகக் குறைந்துவிடும். 60-ஐத் தாண்டிய பெற்றோருக்கு எடுக்கும்போது அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அறிகுறி: வாரக்கணக்கில் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது

ஏற்கத்தக்க கோப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள்காட்டி நாள் என்பது பொது விதி. ஆழமாகப் பார்க்கவேண்டிய கோப்புக்கு 45 நாள் வரை நீட்டலாம். சில நாட்டுக் குடிமக்களின் கோப்புகளை மற்ற உறுப்பு நாடுகளிடம் கலந்து கேட்கவேண்டிய முறையும் உண்டு. தினமும் மையத்துக்குத் தொலைபேசி செய்வதில் பயன் இல்லை, அவர்களுக்கும் திரையில் அதே வரிதான் தெரியும். தூதரகத்திலிருந்து கூடுதல் தாள் கேட்டு மின்னஞ்சல் வந்ததா என்று தேவையற்ற அஞ்சல்களின் பெட்டியிலும் பாருங்கள். படிவத்தில் முகவரின் மின்னஞ்சலும் எண்ணும் இருந்தால் கேள்வி அவருக்குப் போய் அங்கேயே உறங்கும். எப்போதும் உங்கள் சொந்த முகவரியை எழுதுங்கள்.

அறிகுறி: மறுத்துவிட்டார்கள், அடுத்து என்ன

மறுப்புக்குப் பின் இத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அதே தாள்களோடு மறுவாரம் போனால் அதே எண்கள் திரும்ப வரும். பழைய விண்ணப்பமும் மறுப்பும் பொதுத் தகவல் தளத்தில் ஐந்து ஆண்டு இருக்கும், 29 நாட்டு அதிகாரிகளுக்கும் தெரியும். வேறு நாட்டுத் தூதரகத்துக்குப் போனால் தெரியாது என்று நினைப்பது வீண்.

மேல்முறையீடா, புது விண்ணப்பமா என்பதை இப்படிப் பிரியுங்கள். நீங்கள் கொடுத்த தாளை அதிகாரி கவனிக்காமல் விட்டது தெளிவாகத் தெரிந்தால் மேல்முறையீடு. தாள் பலவீனமாக இருந்தது என்றால் சரிசெய்து புதிதாகக் கொடுப்பதே வேகம். மேல்முறையீட்டு வழி நாட்டுக்கு நாடு வேறு. கடிதத்தின் இறுதியில் முகவரியும் கெடுவும் இருக்கும். பிரான்ஸுக்குக் குறுகியகால விசா என்றால் 30 நாளுக்குள் நான்ட் நகரிலுள்ள விசா துணை இயக்குநருக்கு எழுதவேண்டும். ஜெர்மனி முன்பு தூதரகத்துக்கே எழுதிக் கேட்கும் மறுபரிசீலனை முறையை வைத்திருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டது, இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றம்தான் வழி. சுற்றுலாவுக்காக வழக்காடுவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது, புது விண்ணப்பமே புத்திசாலித்தனம். புதுக் கவர் லெட்டரின் முதல் பத்தியிலேயே பழைய மறுப்பின் தேதியையும் எண்ணையும் சொல்லி, இந்த முறை என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

அறிகுறி: விசா வந்தது, ஆனால் நாட்கள் குழப்பம்

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஸ்டிக்கரில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றே தெரிவிக்கவேண்டும்.

அடுத்து தேதிகள். ஜூன் 1 முதல் 30 வரை செல்லும், தங்கும் நாள் 15 என்று இருந்தால் அந்த முப்பது நாளுக்குள் எப்போதாவது 15 நாள் தங்கலாம் என்று பொருள். ஒருமுறை நுழையும் விசாவில் 15 நாள் சலுகைக் காலம் சேர்த்தே இடைவெளியைப் போடுகிறார்கள், பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று. முடிவுத் தேதியை மட்டும் பார்த்து ஜூன் 30 வரை இருந்துவிட்டால் அது கூடுதல் தங்கல், அடுத்த விசாவுக்கு உலை. நுழையும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். ஒருமுறை நுழையும் விசாவோடு நடுவில் லண்டனுக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பாரிஸுக்கு வர முடியாது. அப்படித் திட்டம் என்றால் விண்ணப்பத்திலேயே இருமுறை அல்லது பலமுறை என்று கேட்டிருக்கவேண்டும்.

பலமுறை விசா உள்ளவர்களுக்கு 90/180 கணக்கு. எந்த நாளில் நின்று பார்த்தாலும் அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளில் 90-க்கு மேல் உள்ளே இருந்திருக்கக்கூடாது. ஜனவரி 10 முதல் பிப்ரவரி 28 வரை ஐம்பது நாள் இருந்தவர் மே 1-ல் மறுபடி நுழைந்தால் மீதி நாற்பது நாள். ஜூன் 9-க்குள் வெளியேறவேண்டும். ஜனவரி மாதத்து நாட்கள் கணக்கிலிருந்து உதிரத் தொடங்குவது ஜூலை 9-ல்தான். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதிலாகக் கணினியே இந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறது. முத்திரை மங்கிவிட்டது என்று சாக்குச் சொன்ன காலம் முடிந்தது.

விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் சீட்டு அல்லது அழைப்புப் பத்திரம், இன்சூரன்ஸ், கையில் உள்ள பணம் அல்லது அட்டை பற்றி அவர் கேட்கலாம். அசல்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள். அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள் என்றால், அழைத்தவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று அவர்களின் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.